பிடரிக்கு அடியில் ஒரு சுழி

ஏனுங் தம்பி, அந்தச் சன்னலோரத்த எனக்கு விட்டுக் குடுக்கறீங்களா? காத்துக்கு இல்லீங்க, வேற ஒரு காரியம் இருக்குது, அப்பறம் சொல்றேன். நல்லா இருப்பீங்க. உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்களா? கண்ணாடி போடலை, அதான் கேட்டேன். எனக்குக் கிட்டத்துப் பார்வை போயிருச்சு. போன்ல ஒரு போட்டோ வச்சிருக்கறேன், அதைப் பாத்து நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும். அவசரமில்லீங்க. பஸ்ஸு இப்பத்தான ஈரோட்ட விட்டுக் கெளம்புது. முத்தூர் போறதுக்குள்ள சொன்னாப் போதும். நான் அங்க எறங்கோணும். நீங்க வெள்ளகோயிலுங்களா? செரி, அப்ப நேரம் கெடக்குது.

போட்டோவ இப்பவே காட்டுனா உங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. கழுத்து மாதிரி தெரியும், அவ்வளவுதான். வெவரத்தச் சொல்லிட்டுக் காட்டறேன்.

குதிரைங்க. எம்பட குதிரை. போன ஆடியில அந்தியூர்ச் சந்தையில புடிச்சது. காகிதம் இல்லாமப் புடிச்சது. இன்னைக்கு நான் இப்பிடிப் பஸ்ஸுல போறவங்களக் கண்ணு தெரியுமான்னு கேட்டுக்கிட்டுத் திரியறனே, அத்தனையும் அதுல வந்த வெனைதான்.

சாதிக்குதிரைக்குக் காகிதம் உண்டு, தெரியுமுங்களா? அப்பன் யாரு, ஆத்தா யாரு, எங்க பொறந்துச்சு, எல்லாம் எழுதி முத்திரை குத்தியிருப்பாங்க. எனக்கும் முன்னால தெரியாது. எம்பட பங்காளி ஒருத்தன் இருக்கறான், நல்லசிவம்னு. அவன் வடக்க எங்கியோ போயி ஒரு குதிரை புடிச்சுட்டு வந்தான். வந்தவன் குதிரையக் கட்டிப்போட்டுட்டுச் சும்மா இருந்தானுங்களா? அந்தக் காகிதத்தக் கண்ணாடி போட்டு ஊட்டு ஆசாரத்துச் செவுத்துல மாட்டிட்டான். அவிங்கப்பன் படம் இந்தப் பக்கம், குதிரையோட அப்பன் பேரு அந்தப் பக்கம். போறவன் வர்றவனையெல்லாம் உள்ள கூப்புட்டுக் காட்டறது. என்னையும் கூப்புட்டான். நான் பாத்துட்டுச் சொன்னேன், "ஏண்டா நல்லசிவம், எனக்கே பொறந்த சர்ட்டிபிகேட் கெடையாது. நான் நடக்கலையா, திங்கலையா? குதிரைக்கு என்னத்துக்குடா?" இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. அவனும் சிரிச்சான். உள்ளுக்குள்ள அவனுக்கு வெந்திருக்கும்.

அவன் குதிரை வாங்குனது எனக்குப் பொறாமைன்னு ஊருல பேசிக்கிட்டாங்க. அதெல்லாம் இல்லீங்க. எங்கூரு மாரியம்மன் நோம்பிக்கு, சப்பரத்துக்கு முன்னால ஒரு குதிரை நடக்கோணும். அந்தக் குதிரையக் கொண்டாரது எங்க வகையறாவோட முறை. ரொம்ப வருசமா ஆருகிட்டயும் குதிரை இல்லாம வாடகைக்குத்தான் ஓட்டியாந்தோம். இவன் வாங்குனதும் இவன் குதிரை நடந்துச்சு. கூட்டம் முழுக்க இவனப் பாத்துக் கும்புட்டுது. அம்மனக் கும்புட்டாங்களோ, இவனக் கும்புட்டாங்களோ. வயசுல நான் மூத்தவனுங்க. முறைன்னு பாத்தா எனக்கில்ல வரோணும்? பொறாமை இல்லீங்க. நாயம் கேக்கறேன்.

இன்னொண்ணு சொல்லோணும். எங்க பக்கம் நாலு ஊருக்குள்ள மாடு புடிச்சாலும் குதிரை புடிச்சாலும் சுழி பாக்க என்னையத்தான் கூப்புடுவாங்க. சுழி தெரியுமில்லீங்க? நம்ம உச்சந்தலையில மசுரு சுத்திக்கிட்டு நிக்குதில்ல, அதே மாதிரி மாட்டுக்குக் குதிரைக்கு ஒடம்புல அங்கங்க நிக்கும். நிக்கற எடத்தப் பொறுத்துப் பலன். நெத்தியில நின்னா ராசச் சுழி, ஊடு வெளங்கும். விலங்குச் சுழி இருந்தாக் கட்டுனவன் ஜெயிலுக்குப் போவான். பாடைச் சுழின்னா பேரே சொல்லுது. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்குது, பெண்டிழந்தான் சுழின்னு, பிடரி மசுருக்கடியில மறைஞ்சு நிக்கும். அது இருக்கற உருப்படியக் கட்டுத்தரையில கட்டுனா, கட்டுனவன் பொண்டாட்டிய எழந்துருவான். செத்துத்தான் போகோணும்னு இல்லீங்க. எப்பிடியோ எழந்துருவான்.

சுழி பாக்கறதுல நான் தப்ப மாட்டேனுங்க. இது வரைக்கும் தப்புனதில்லை.

அந்தியூருக்கு நான் வாங்கறதுக்குன்னு போகலை. மாட்ட ஓட்டிட்டுப் போனேன். செரி, குதிரை தோதா இருந்தாப் பாக்கலாம்னு மனசுல ஒரு ஓரத்துல இருந்துச்சு, இல்லீங்கல. அங்க வெள்ளிங்கிரின்னு ஒரு தரகன். துண்டுக்குள்ள கையக் குடுத்து வெரலப் புடிச்சு வெலை பேசறவன். அவன்தான் காட்டுனான். நல்ல செவலை. நெத்தியில வெள்ளைப் பட்டை, நாலு காலும் வெள்ளை. பஞ்சகல்யாணிங்க. நிக்கற நிலையப் பாத்ததும் எனக்குச் சப்பரத்துக்கு முன்னால நிக்கற மாதிரியே இருந்துச்சு.

காகிதம் எங்கடான்னு நான் கேட்டேனுங்க. கேக்காம இல்லை. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணா, நீங்க காகிதத்து மேல ஏறிப் போகப் போறீங்களா, குதிரை மேல ஏறிப் போகப் போறீங்களா? சுழி தெரியாதவனுக்குத்தான் காகிதம். உங்களுக்கு எதுக்கு? ஒடம்பு பூரா எழுதியிருக்குது, படிச்சுக்கங்க." சந்தையில நாலு பேரு கேக்கறாப்பல சொன்னான். எனக்கும் செரின்னு பட்டுச்சு. மனுசன் நாயத்தத்தான பேசறான்.

படிச்சேன். நெத்தி பாத்தேன், தொண்டை பாத்தேன், நெஞ்சு, விலா, தொடைச்சந்து, வாலடி எல்லாம் பாத்தேன். பிடரி மசுரத் தூக்கிப் பாத்தேன். வலது பக்கம் சுத்தம். இடது பக்கம் தூக்கப் போறேன், அப்பப் பாத்து அந்த வெள்ளிங்கிரி டீயக் கொண்டாந்து கையில குடுத்தான். "அண்ணா, சூடா இருக்குது, குடிங்க." டீயக் குடிச்சேன். குடிச்சுட்டு அந்தப் பக்கம் பாத்தனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. பாத்திருப்பேன். பாக்காம எப்பிடி? ஆனா பாத்த மாதிரி கண்ணுக்குள்ள நிக்கலை. அந்த ஒரு டீதானுங்க எங்குடும்பத்தக் கெடுத்துச்சு.

மாடா? ஆமா, மாட்ட ஓட்டிட்டுப் போனேன்னு சொன்னனில்ல. வித்துட்டேன். விக்காம என்ன பண்றது? குதிரைய எதுல வாங்கறது? ஒரு கட்டுத்தரையில மாடும் குதிரையும் எப்பிடிங்க நிக்கும்? ரெண்டு மாடு, ஒரு கெடேரி. எங்கூட்டுக்காரியோட மாடு. சம்பூரணம்னு பேரு. ஊட்டுக்காரி பேரச் சொன்னேன். மாட்டுக்கு வேற பேரு.

கண்ணாலம் ஆனப்ப எம்பட மாமனாரு முத்தூர்ல இருந்து வெள்ளச்சின்னு ஒரு காங்கயம் மாட்ட அவகூட ஓட்டி விட்டாரு. அந்த வெள்ளச்சியோட மக ராமாயி. ராமாயியோட மக மயிலு. மயிலுக்குப் பொறந்த கெடேரி பொட்டு, நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு. நான் இப்பிடிச் சொல்றனே, இதெல்லாம் எனக்கா தெரியும்? நாள் பூரா அவ சொல்லிச் சொல்லிக் காதுல ஏறுனது. எந்த மாடு எந்த மழைக்குப் பொறந்துச்சு, எதுக்குக் காளை எங்கருந்து வந்துச்சுன்னு ஒக்காந்து சொல்லுவா. வெள்ளச்சி செத்தப்ப மூணு நாளு அடுப்புப் பத்த வைக்கலை. மாட்டுக்குப் போயி. நான் கடையில தின்னேன்.

சொல்லிட்டுத்தான் வித்திருக்கோணும்னு பாக்கறீங்க. மொகத்துலயே தெரியுது. நாயம்தான். ஆனா அப்ப அவ திருப்பூர்ல இருந்தா. எம்பட புள்ளைக்குப் பேறுகாலம். போன்ல சொன்னா அழுவா. பச்சை ஒடம்புக்காரி பக்கத்துல ஒக்காந்து அழுதா நல்லா இருக்குமுங்களா? அவ நல்லதுக்குத்தான் நான் சொல்லலை. வந்து குதிரையப் பாத்தான்னா மறந்துருவான்னு நெனச்சேன். பஞ்சகல்யாணி. ஆருக்குங்க புடிக்காது? பாலுதான் வேணும்னா பாக்கெட்டுப் பாலு வாசல்லயே வருது.

ஆவணி பொறந்து அவ ஊட்டுக்கு வந்தா. நான் குதிரையத் தேச்சு, நெத்தியில மஞ்சளெல்லாம் வச்சு நிறுத்தியிருந்தேன். பையக் கீழ வைக்கறதுக்கு முன்னாடி கட்டுத்தரைக்குத்தான் போனா, எப்பவும் அப்பிடித்தான். போனவ அங்கயே நின்னுட்டா. கத்துவா, சண்டை போடுவான்னு நான் தயாரா இருந்தேன். பதிலெல்லாம் ரோசனை பண்ணி வச்சிருந்தேன். அவ கத்தலை. திரும்பி, "ஏனுங்க, ஆருகிட்டக் குடுத்தீங்க?"ன்னு கேட்டா.

"சந்தையில குடுத்தேன்"னேன்.

"சந்தையில ஆருகிட்ட?"

சந்தையில வித்த மாட்டுக்கு வாங்குனவன் பேரு ஊரு ஆருங்க கேக்கறாங்க? கையக் குடுத்தோம், கயித்த மாத்துனோம், அவன் போயிட்டான். சொன்னேன். "ஒரு துண்டுச் சீட்டுக்கூடவா எழுதி வாங்கலை?"ன்னா. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. நம்ம பக்கம் மாட்டுக்கு எப்பங்க சீட்டு எழுதியிருக்கறோம்? "லாரியில ஏத்துனானா, ஓட்டிட்டுப் போனானா?"ன்னா. லாரின்னேன். "எந்தப் பக்கம் போச்சு?" எனக்கென்ன தெரியும், நான் குதிரையப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். பாலக்காட்டுப் பக்கம்னு ஆரோ பேசிக்கிட்டாங்கன்னேன். அப்பிடியே கீழ ஒக்காந்துட்டா. பாலக்காட்டுப் பக்கம் நல்ல புல்லு, மழையும் உண்டு, நல்ல கைக்குத்தான் போயிருக்கும்னு எடுத்துச் சொன்னேன். என்னைய நிமிந்து ஒரு பார்வை பாத்தா பாருங்க. அது எனக்கு இன்னைக்கும் புரியலை.

கெடேரிய மட்டும் வேற ஒருத்தன் புடிச்சான், அது லாரியில போகலைன்னு எனக்கு அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. ஓடிப் போயிச் சொன்னேன். "அது ஆரு?"ன்னா. அதுவும் தெரியலை. பச்சைத் துண்டு போட்டிருந்தான்னேன்.

அன்னிக்கே கெளம்பிட்டா. கட்டுத்தரையில கெடந்த மூணு கழுத்துக்கயித்தையும் எடுத்துப் பையில வச்சா, போயிட்டா. முத்தூர்ல அவ அண்ணன் இருக்கறாரு, அங்க. நாலு நாள்ல வந்துருவான்னு இருந்தேன். அவ வரலை. சேதிதான் வந்துச்சு. "சென்னியப்பண்ணா, அக்காவ ஈரோட்டுச் சந்தையில பாத்தனுங்க." "உங்க ஊட்டுக்காரம்மா காங்கயத்துப் பக்கம் சந்தையில நிக்கறாங்களே, மாடு ஏதாச்சும் புடிக்கறீங்களா?" சந்தை சந்தையாப் போறா தம்பி. ஆம்பளைங்க கூட்டத்துக்குள்ள பூந்து, கெடேரியக் கண்டா பொட்டு பொட்டுன்னு பேரு சொல்லிக் கூப்புட்டுக்கிட்டு. பச்சைத் துண்டு போட்டவனையெல்லாம் நிறுத்திக் கேக்கறாளாம். எனக்கு வெளிய தலை காட்ட முடியலை. எங்கௌரவத்த நெனச்சுப் பாத்தாளா அவ?

அதுக்குக் காரணம் இன்னதுன்னு எனக்கு அப்ப வெளங்கலை. வெளங்குனது மார்கழியில. கால்நடை டாக்டரம்மா தடுப்பூசி போட வந்தாங்க. சின்ன வயசு, மருவாதியான புள்ளை. ஊசியப் போட்டுட்டு, "ஐயா, இதுக்குப் பாஸ்போர்ட்டு இருக்குங்களா?"ன்னு கேட்டாங்க. "ஏனம்மிணி, எந்தச் சீமைக்குப் போகுது இது?"ன்னேன். சிரிச்சுட்டு, அப்பிடிச் சொல்றது காகிதத்தத்தான்னு சொல்லி, அவங்க போன்ல ஒண்ணு எடுத்துக் காட்டுனாங்க. தம்பி, அதைப் பாத்ததும் எனக்கு நெலை கொள்ளலை. குதிரைப் படம் வரைஞ்சிருக்குது. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, மூஞ்சி தனியா, கழுத்து தனியா. அதுல அங்கங்க பெருக்கல் குறி. "இது என்னம்மிணி?"ன்னேன். "மயிர்ச் சுழிங்கய்யா. ஒவ்வொரு குதிரைக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்குமில்ல, அடையாளத்துக்காகக் குறிச்சு வைப்பாங்க"ன்னாங்க.

கேட்டீங்களா? சுழி தம்பி, சுழி. அத்தனை சுழியும் அந்தக் காகிதத்துல இருக்குமாம். நல்லசிவம் ஊட்டு ஆசாரத்துல தொங்குதே, அதுல இருந்திருக்குது. நான் பாத்துட்டுச் சிரிச்சுட்டு வந்திருக்கறேன். எம்பட குதிரைக்குக் காகிதம் இருந்திருந்தா, அந்தப் பெண்டிழந்தான் சுழிக்கு நேரா ஒரு பெருக்கல் போட்டிருப்பான். நான் பாத்திருப்பேன். கயித்தத் தொட்டிருக்க மாட்டேன். அவ இன்னைக்கு ஊட்டுல இருப்பா. வெள்ளிங்கிரி காகிதத்த மறைச்சது ஏன்னு இப்பப் புரியுதுங்களா? டீ வாங்கிக் குடுத்தது ஏன்னு புரியுதுங்களா?

"அம்மிணி, இப்ப எனக்கு ஒரு காகிதம் எழுதிக் குடுங்க, சுழியெல்லாம் போட்டு"ன்னேன். முறையான காகிதம் அவங்க குடுக்க முடியாதாம், அதுக்கு அப்பன் ஆத்தா தெரியோணுமாம். நான் விடலை. எம்பட மன ஆறுதலுக்குன்னு கேட்டேன். பாவம், நல்ல புள்ளை, ஒரு மணி நேரம் நின்னு பாத்துத் தாள்ல படம் வரைஞ்சு குறிச்சுக் குடுத்தாங்க. நெத்தியில ஒண்ணு, தொண்டையில ஒண்ணு, விலாவுல பக்கத்துக்கு ஒண்ணு. அவ்வளவுதான். "பிடரிக்கடியில, இடது பக்கம்?"னு கேட்டேன். மசுர வகுந்து வகுந்து பாத்துட்டு, "ஒண்ணுமில்லீங்கய்யா"ன்னாங்க.

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டனுங்கய்யா. சுத்தமா இருக்குது."

"செரி, இருந்தாலும் அந்த எடத்துல ஒரு பெருக்கல் போடுங்க"ன்னேன். அந்தப் புள்ளை என்னையவே பாத்துச்சு. "இல்லாதத எப்பிடிங்கய்யா எழுதறது?"ன்னுச்சு. கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். உங்க படிப்புல இதெல்லாம் இருக்காது, நான் நாலு ஊருக்குச் சுழி பாத்தவன்னு. அது பையத் தூக்கிக்கிட்டு வண்டியில ஏறறப்ப, "அம்மா ஊட்டுல இல்லீங்களா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க.

அந்தத் தாள் இதோ சட்டைச் சோப்புல இருக்குது. காகிதமில்லாத குதிரைக்குக் கடைசியில ஒரு காகிதம் வந்துச்சு. அதுவும் எனக்கு ஆகாத காகிதம்.

நோம்பி வந்துச்சு. அதையும் கேட்டுருங்க. நல்லசிவம் எங்கூட்டுக்கு வந்து, "அண்ணா, இந்த வருசம் உங்க குதிரை நடக்கட்டும். எம்படத நான் ஊட்டுல கட்டிக்கறேன்"னு சொன்னான். எப்பிடிக் குத்தறான் பாத்தீங்களா? எதுக்குச் சொல்றான்னு எனக்குத் தெரியாதா? குதிரை கெளம்பறதுக்கு முன்னால, கொண்டாந்தவனோட ஊட்டுக்காரிதான் அதுக்குக் காலு கழுவி ஆரத்தி சுத்தோணும். அது மொறை. அவளுக்குத் திருப்பூர்ப் புள்ளைகிட்டச் சேதி சொல்லிவிட்டிருந்தேன். வருவான்னு கடைசி வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். சப்பரம் பாக்க வர்ற கூட்டத்துல ஒவ்வொரு பொம்பளை மொகமாப் பாத்தேன். பூசாரி தட்டோட நிக்கறாரு. "சம்பூரணத்தம்மிணி வரலீங்களா?"ன்னு கேக்கறாரு, அம்பது பேரு முன்னால. கடைசியில நல்லசிவம் பொண்டாட்டி வந்து காலு கழுவி ஆரத்தி எடுத்துச்சு. குதிரை நடந்துச்சு. அருமையா நடந்துச்சுங்க. சப்பரத்துக்கு முன்னால, நான் நெனச்ச மாதிரியே. நான் கயித்தப் புடிச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சே போனேன். ஒருத்தரையும் நிமிந்து பாக்கலை.

ஊட்டுக்கு வந்ததும் கத்திரிய எடுத்துப் பிடரி மசுர ஒட்ட வெட்டிட்டேன். ஒண்ணும் விடலை. இடது பக்கம் தோலு தெரியற வரைக்கும் செரைச்சேன். அது பாட்டுக்கு நின்னுச்சு, வாயில்லாத சீவன். செரைச்சா சுழி தெரிஞ்சுருமில்ல? தெரியோணுமில்ல? எம்பட கண்ணுக்கு ஒரு சமயம் இருக்கற மாதிரி இருக்கும், ஒரு சமயம் இல்லாத மாதிரி இருக்கும். அப்பறம் கண்ணாலத்துக்குக் குதிரை கேட்டு வந்தவங்க, மொட்டையடிச்ச குதிரைல மாப்பிள்ளைய ஏத்தறதான்னு போயிட்டாங்க. போகட்டும். சாயங்காலமானா நானும் அதும்தான். அது என்னையப் பாக்குது, நான் அதைப் பாக்கறேன். ஒரு ஒழக்கு அரிசியப் பொங்கி ரெண்டு நேரத்துக்கும் வச்சுக்கறேன். ஊடு கெடக்கற கெடையப் பாத்தா மனசு தவிச்சுப் போகுது தம்பி. மாடு கத்தறதுக்கு எழுந்தவனுக்கு இப்ப விடியறதே தெரியறதில்லை.

இனிமேத்தான் முக்கியம். போன மாசம் சேதி வந்துச்சு, பொட்டு கெடச்சிருச்சுன்னு. ஏதோ ஒரு சந்தையில, இவ கூப்புட்ட சத்தத்துக்குக் கெடேரி கயித்த இழுத்துக்கிட்டுத் திரும்பி நின்னுச்சாம். காதுல கெடந்த தோட்டக் கழட்டிக் குடுத்து மீட்டுட்டா. ராமாயியும் மயிலும் கெடைக்கலை. இனிக் கெடைக்காதுன்னு அவளே நிறுத்திட்டாளாம். எனக்கு எத்தனை சந்தோசம் தெரியுமுங்களா? கட்டுத்தரையக் கூட்டி, சாணி போட்டு வழிச்சு, முளைக்குச்சிய அடிச்சு வச்சேன். குதிரையத் தென்னைமரத்துக்கு மாத்திக் கட்டிட்டேன். கெடேரியோட வந்துருவான்னு இருந்தேன்.

வரலை. அண்ணன் ஊட்டுத் தோட்டத்துலயே கட்டிட்டா. கோவிச்சுக்கிட்டுப் போனது மாட்டுக்குன்னா, மாடுதான் வந்துருச்சே, ஒண்ணாவது வந்துருச்சே, அப்பறம் எதுக்கு வர மாட்டேங்கறா? சொல்லுங்க. இதுக்கு மேல என்ன வேணும்? அதாங்க சுழி. அது வேலை செய்யுது. அதை அவளுக்குக் காட்டிப்போட்டேன்னா போதும். பாரு சம்பூரணம், தப்பு எம்மேல இல்லை, உம்மேல இல்லை, இதோ இதுதான் காரணம், குதிரைய வித்துப்போடறேன், வந்துருன்னு சொல்லிருவேன். அதுக்குத்தான் இந்தப் போட்டோ.

இந்தாங்க, பாருங்க. இது கழுத்து. இது காது. காதுக்குக் கீழ நாலு வெரக்கடை தள்ளி, இதோ இங்க. வெரல வச்சுப் பெருசு பண்ணுங்க, உங்களுக்குத் தெரியுமில்ல. தெரியுதுங்களா? மசுரு சுத்தற மாதிரி இல்லீங்க?

இல்லையா?

நல்லாப் பாருங்க தம்பி. வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பாருங்க. லேசா ஒரு வளைவு கூடவா இல்லை? போன தடவை வந்தப்பப் பக்கத்துல ஒரு டீச்சரம்மா ஒக்காந்திருந்தாங்க, அவங்களும் இல்லைன்னாங்க. அதுக்கு முந்தி ஒரு மில்லுக்காரரு, அவரும் இல்லைங்கறாரு. ஒருத்தருக்கும் சுழி பாக்கத் தெரியலை. இருக்கோணும் தம்பி. அந்த எடத்துல ஒரு சுழி இருந்தே ஆகோணும். இல்லீன்னா அவ எதுக்குங்க போனா?

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். போனைக் குடுங்க.

சிவகிரி தாண்டி எத்தனை நேரமாச்சு? இந்தப் பனைமரம் வந்தா, அப்பறம் ஒரு மோட்டார் ரூமு வரும், அடுத்தது மச்சான் தோட்டம். ரோட்டோரந்தான். அதுக்குத்தான் சன்னலோரம் கேட்டேன். நிப்பா பாருங்க. இந்நேரத்துக்கு வேலியோரம் கெடேரிய மேய விட்டுக்கிட்டு நிப்பா.

அதோ. தம்பி, சித்த முன்னால சாஞ்சு ஒக்காருங்க, என்னைய மறைச்சுக்கங்க. பஸ்ஸப் பாக்கறா. அவதான். அந்த நீலச் சேலை. காது மூளியாக் கெடக்குது. பொட்டு பெருசாயிருச்சு, சினையாட்டம் இருக்குதுங்களே. வரப்புல ஆருகிட்டயோ பேசறா.

சிரிக்கறா தம்பி.

சிரிக்கறாளா? நீங்க பாத்துச் சொல்லுங்க, எனக்கு எட்டத்துப் பார்வை நல்லாத் தெரியும், இருந்தாலும் நீங்க சொல்லுங்க. சிரிக்கறாதான?

இல்லீங் கண்டக்டரு, முத்தூர்ல எறங்கலீங்க. வெள்ளகோயிலுக்கே மாத்தி ஒரு டிக்கெட்டுக் குடுத்துருங்க.